மேலே இருக்கிற கவர்

"சிஸ்டர், உங்க தம்பிக்குக் கவர் எல்லாம் வேண்டாம். நேரா ஊசியைப் போட்டுடுங்கோ"ன்னு டாக்டர் ரகுநாதன் சொன்னப்ப மத்தியானம் மூணு மணி. மருந்து எடுத்த சிரிஞ்சு என் கையில இருக்கு. எதிர ஏழாம் நம்பர் பெட்டுல என் தம்பி தியாகு கண்ணை மூடிக் கிடக்கான். பிரஷர் எழுபதுக்கு மேல ஏற மாட்டேங்குது. அந்த ஊசியைப் போட்டா அவன் பிழைப்பானா மாட்டானான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். தெரிஞ்சுக்க இருந்த ஒரே வழியை ரெண்டு வருஷமா அடைச்சு வச்சவ நான்தான்.

முதல்லேருந்து சொல்லிடறேன். என் பேரு லூர்துமேரி. அப்பா பொன்மலையிலேருந்து மாத்தலாகி வந்து லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ரிட்டையர் ஆனவரு. நான் ஹைதராபாத்துல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில, உயிருக்குப் போராடற கேஸுங்க வர்ற வார்டுக்கு சிஸ்டர். கோபக்காரின்னு பேரெடுத்தவ. டூட்டி டாக்டர் பசங்க என் ஷூ சத்தம் கேட்டாலே சிகரெட்டை அணைச்சிடுவாங்க. எனக்கு அதுல ஒரு கர்வமும் உண்டு, இல்லேன்னு பொய் சொல்லல.

எண்பத்திரண்டாம் வருஷம் ரகுநாதன் ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சாரு. மாரெட்பள்ளியிலேருந்து ஸ்கூட்டர்ல வருவாரு, ஒல்லியான மனுஷன், அதிர்ந்து பேச மாட்டாரு. காயத்துல இருக்கிற கிருமி ரத்தத்துல கலந்து, பிரஷர் இறங்கி, உடம்பு சில்லிட்டு வர்றாங்க பாருங்க, அவங்களுக்காக அந்த ஆராய்ச்சி. ஸலைன், ஆன்டிபயாட்டிக், ஆக்ஸிஜன் எல்லாம் எல்லாருக்கும் உண்டு. அதுக்கு மேல ஸ்டீராய்டு ஊசி ஒண்ணு, பெரிய டோஸ்ல. அதைச் சேர்த்துப் போட்டா அதிகம் பேர் பிழைக்கிறாங்களான்னு பாக்கணும். எண்பது பேரு. பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்கு இல்லை.

யாருக்கு ஊசின்னு யாரு முடிவு பண்றது? யாரும் இல்லை. அதான் விஷயமே. ஒரு பிஸ்கட் டின்னுல எண்பது வெள்ளைக் கவரு. ஒவ்வொண்ணுக்குள்ளயும் டைப் அடிச்ச ஒரு சீட்டு, 'யெஸ்' இல்லேன்னா 'நோ'. கேஸ் வந்ததும் சொந்தக்காரங்ககிட்ட விஷயத்தைச் சொல்லிக் கையெழுத்து வாங்கிட்டு, மேலே இருக்கிற கவரை எடுக்கணும். சீட்டு என்ன சொல்லுதோ அதைச் செய்யணும். டின்னு என் பொறுப்பு.

எனக்கு அது அடியோட பிடிக்கல. உயிரைக் கொண்டுபோய் சீட்டுக் குலுக்கல்ல வைக்கிறதா? நல்ல மருந்து கையில இருக்கு, வெளிநாட்டுலேருந்து கம்பெனிக்காரன் சும்மாவே குடுத்திருக்கான், அதைப் பாதிப் பேருக்கு ஒளிச்சு வைக்கிறதா? வாயைத் திறந்தே கேட்டேன். "நல்ல மருந்தான்னுதான் நமக்குத் தெரியாதே சிஸ்டர்"னாரு ரகுநாதன். படிச்சவங்க இப்படித்தான் மழுப்புவாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்.

நாலாவது கேஸா ருக்மிணி வந்தா. பத்தொன்பது வயசு. வீட்டுலயே பிரசவம் ஆகி, கிருமி ஏறி, சுயநினைவு இல்லாம வந்தா. குழந்தை வெளிய அவ அம்மா மடியில கிடந்து அழுதுகிட்டே இருந்துச்சு. மேலே இருந்த கவரைக் கிழிச்சேன். 'நோ'. மறுநாள் சாயங்காலம் அவ போயிட்டா. அதுக்கு அடுத்ததா வந்தவரு எழுபத்தாறு வயசுப் பெரியவரு, ரெண்டு கிட்னியும் எப்பவோ போச்சு, சொந்தப் பிள்ளைங்களே 'எதுக்கு சிஸ்டர் கஷ்டப்படுத்தணும்'னு கேட்டுட்டாங்க. அவருக்கு 'யெஸ்'. எனக்கு வயிறு எரிஞ்சுது. தூ, இதெல்லாம் ஒரு நியாயமான்னு டின்னை மேஜை மேல ஓங்கி வச்சேன்.

எங்க வார்டு சுவத்துல எக்ஸ்ரே பார்க்கிற விளக்குப் பெட்டி ஒண்ணு உண்டு. மறுநாள் காலையில அந்தப் பெட்டியைச் சுத்தி யாரும் இல்லாத நேரமாப் பார்த்து, ஒரு கவரை அதுல வச்சு ஸ்விட்சைப் போட்டேன். மெல்லிசு கவரு. எழுத்து பளிச்னு தெரிஞ்சுது.

அன்னையிலேருந்து சீட்டு பேசல, நான் பேசினேன். சின்ன வயசுக்காரி வந்தா, பிள்ளைகுட்டிக்காரன் வந்தா, கொஞ்சம் தேறுவான்னு என் கண்ணுக்குத் தோணினா, தேடி ஒரு 'யெஸ்' கவரை எடுத்து மேலே வச்சுடுவேன். கிழம், நாலு வியாதி, கை நழுவின கேஸ், அவங்களுக்கு 'நோ'. ஒருத்தருக்கும் கெடுதல் பண்ணறோம்னு நினைக்கல. சாமி சத்தியமா நல்லது பண்றோம்னுதான் நினைச்சேன். ஞாயித்துக்கிழமை பாவசங்கீர்த்தனத்துல எத்தனையோ சொல்லியிருக்கேன், யாரை எப்படித் திட்டினேன்னு எல்லாம். இதைச் சொன்னதில்லை. பாவம்னு தோணினாதானே சொல்ல?

அறுபது கேஸ் ஆச்சு. அந்த ஜூன் மாசம், எண்பத்தி நாலுல, ரகுநாதன் கணக்குப் பார்த்தாரு. ஊசி போட்ட முப்பத்திரண்டு பேர்ல இருபத்திரண்டு பேர் வீட்டுக்குப் போயிருக்காங்க. போடாத இருபத்தெட்டுல ஒன்பது பேருதான். அந்த மனுஷன் முகத்துல அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. "போதும் சிஸ்டர், எண்பதுவரைக்கும் போக வேண்டாம், இவ்வளவு தெளிவாத் தெரிஞ்சப்புறம் ஊசி இல்லாம விடறது பாவம்"னாரு. டெல்லி மாநாட்டுல படிக்கக் கட்டுரை எழுத உட்கார்ந்தாரு. நானும் குதிச்சேன். பாத்தியா, நான் அப்பவே சொன்னேனேன்னு மனசுக்குள்ள ஒரே ஆட்டம்.

ரெண்டு நாள் கழிச்சு ஜூனியர் டாக்டர் ஒருத்தருக்கு அவர் அந்தக் கணக்கை விளக்கிட்டு இருந்தாரு. நான் பக்கத்துல சார்ட் எழுதிட்டிருக்கேன். "ஒண்ணு மட்டும் வேடிக்கையா இருக்கு. ஊசி போட்டவாளோட சராசரி வயசு முப்பத்தஞ்சு. போடாதவாளுக்கு அறுபது. சீட்டு சில சமயம் இப்படியும் விழும்போல"ன்னாரு. நெத்தியைத் தேய்ச்சுக்கிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிட்டாரு.

என் பேனா அங்கேயே நின்னு போச்சு. நான் முட்டாள் இல்லை. முப்பத்தஞ்சு வயசுக்காரன் பிழைக்கிறதும் அறுபது வயசுக்காரன் போறதும் எந்த மருந்தும் இல்லாமலே நடக்கும். அந்த இருபத்திரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினது ஊசியா, இல்ல பிழைக்கிறவங்களாப் பார்த்து நான் பொறுக்கினதா? யாராலயும் சொல்ல முடியாது. ஒருவாரம் எனக்குச் சோறு இறங்கல. சொல்லிடணும்னு தினமும் அவர் ரூம் வாசல்வரைக்கும் போவேன். சொன்னா வேலை போகும், பேரு போகும், இத்தனை வருஷம் தலை நிமிர்ந்து நடந்த அதே வராண்டாவுல தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போகணும். திரும்பி வந்துடுவேன்.

எட்டாவது நாள் தியாகுவைக் கொண்டு வந்தாங்க. முப்பத்தி நாலு வயசு, அப்பா வேலை பார்த்த அதே ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டர். வீட்டுல சைக்கிள் மட்கார்டு காலைக் கிழிச்சிருக்கு. அஞ்சு நாளா மஞ்சளை அப்பிக்கிட்டுத் திரிஞ்சிருக்கான். போன ஞாயிறு நொண்டிக்கிட்டு வந்தப்பவே, "ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டுடா"ன்னு கத்தினேன். "நக்கோ அக்கா, வேண்டாம், நீ எறும்பு கடிச்சாக்கூட ஊசி போடறவ"ன்னு சிரிச்சுட்டுப் போனான். இப்ப முழங்கால்வரைக்கும் வீங்கி, உளறிக்கிட்டு வந்து சேர்ந்திருக்கான். சர்ஜன் வந்து காலைத் திறந்து சீழை எடுத்துட்டுப் போனாரு. ரெண்டு கையிலயும் ஸலைன் ஓடுது. பிரஷர் எழுபது.

அந்த நேரத்துலதான் ரகுநாதன் நேரா ஊசியைப் போடச் சொன்னாரு. என் தம்பிங்கிறதால சலுகை இல்லை. ஊசி காப்பாத்துதுன்னு அவர் நிஜமாவே நம்பினாரு. அவரை நம்ப வச்சது நான்.

"என்ன சிஸ்டர், போடுங்கோ. நேரமாறது."

"டாக்டர், இதைப் போட்டா இவன் பிழைப்பானா?"

"மத்தவாளைவிட வாய்ப்பு ஜாஸ்தி. நம்ம கேஸ்லயே பாத்தோமே."

"நாம ஒண்ணும் பாக்கல டாக்டர்"னேன். சிரிஞ்சை ட்ரேயில வச்சேன். விளக்குப் பெட்டியைக் கையால காட்டினேன். கவரை அதுல வச்சு உள்ள இருக்கிறதைப் படிச்சதைச் சொன்னேன். பொறுக்கி எடுத்ததைச் சொன்னேன். அஞ்சு நிமிஷம்கூட ஆகல. ரெண்டு வருஷம் செய்ததைச் சொல்லி முடிக்க அவ்வளவுதான் ஆச்சு.

அவர் முகம் வெளுத்துப் போச்சு. "என்ன காரியம் பண்ணிட்டேள்!"னாரு. கோபத்துல குரல் உயரவே இல்லை, அதான் எனக்கு இன்னும் பயமா இருந்துச்சு. "அறுபது பேர். அறுபது குடும்பம் நம்மை நம்பிக் கையெழுத்துப் போட்டா. பிழைச்சவாளும் செத்தவாளும் எல்லாம் வீணாப் போச்சு சிஸ்டர்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அப்புறம், "நானும் அந்த வயசு வித்தியாசத்தைப் பாத்தேன். பாத்துட்டுப் பேசாம இருந்தேன். எனக்கு அந்த முடிவு வேண்டியிருந்தது"ன்னாரு.

"என்னை என்ன வேணா பண்ணுங்க டாக்டர். சூப்பரின்டெண்ட்கிட்ட நானே எழுதிக் குடுக்கறேன். இப்ப இவனுக்கு என்ன செய்யறது, அதை மட்டும் சொல்லுங்க. போட்டாத்தான் என்ன நஷ்டம்?"

"நஷ்டம் உண்டே. இந்த ஊசி வீக்கத்தை அடக்கும். பிரஷரைத் தூக்கி விடலாம். அதே சமயம் உடம்போட எதிர்ப்பையும் அடக்கும், கிருமிக்கு இன்னும் சுலபமாப் போயிடலாம். காப்பாத்தலாம், கொல்லலாம். எதுன்னு தெரியாதனாலதானே கவர் வச்சேன்."

ரெண்டு வருஷத்துக்கு முந்தியும் இதையேதான் அவர் சொன்னாரு. அப்ப அது மழுப்பலாத் தோணுச்சு. இப்ப என் தம்பி கிடக்கான், நான் அவரை உலுக்கி 'தெரியும்'னு ஒரு வார்த்தையை வாங்கிடத் துடிக்கிறேன். அவர்கிட்ட அது இல்லை. எங்கேயும் இல்லை.

ரகுநாதன் ஆபீஸ்லேருந்து பழுப்புக் கவர் கட்டையும் கார்பன் தாளையும் வரவழைச்சாரு. பாதி 'யெஸ்', பாதி 'நோ'ன்னு புதுசா எழுதின ஒவ்வொரு சீட்டையும் கார்பன் தாள்ல சுத்திக் கவருக்குள்ள போட்டு ஒட்டினாரு. இருபது கவரு இப்போதைக்கு, மிச்சம் அப்புறம். எந்த வெளிச்சத்துல வச்சாலும் ஒண்ணும் தெரியாது. வார்டு அட்டெண்டர் அப்துல் ரஹீமைக் கூப்பிட்டு, "நல்லா கலைச்சு அடுக்கு"ன்னாரு. ரஹீம் என்னைப் பார்த்து, "ஏன் சிஸ்டர், என்ன ஆச்சு?"ன்னு கேட்டான். எல்லா வேலையும் என்கிட்டயே வர்ற வார்டு அது.

"இனிமே நீங்க இந்த டின் பக்கமே வரக்கூடாது"ன்னாரு டாக்டர். "ஒண்ணாம் நம்பரிலேருந்து திரும்ப ஆரம்பிக்கறேன். உங்க தம்பி அதுல சேரணுமா வேண்டாமான்னு அவர் மனைவி சொல்லட்டும். உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேளுங்கோ."

வெளிய பெஞ்சுல கனகவல்லி உட்கார்ந்திருந்தா. அவளுக்கும் எனக்கும் அவ்வளவா ஒட்டாது. அவ வேற மதம். தியாகு பிடிவாதமா அவளைக் கட்டினப்ப நான் கல்யாணத்துக்கே போகல. உப்பல்ல ஒரு பல்பு கம்பெனியில பேக்கிங் வேலை, அப்படியே யூனிஃபார்மோட ஓடி வந்திருந்தா. பக்கத்துல உட்கார்ந்து சொன்னேன். ஒரு ஊசி இருக்கு, அது நல்லதா கெட்டதான்னு எங்களுக்குத் தெரியாது, கவர் எடுத்துத்தான் முடிவு பண்ணுவோம், உனக்கு வேண்டாம்னா மத்த வைத்தியம் எப்பவும்போல நடக்கும்னு. ஏன் தெரியாமப் போச்சுங்கிறதையும் சொன்னேன், அறுபது பேரையும் சேர்த்து. அதை விட்டுட்டுச் சொல்ல எனக்கு வாய் வரல.

அவ என்னையே பார்த்துக்கிட்டிருந்தா. "இத்தனை வருஷம் ஆஸ்பத்திரியிலயே கிடக்கீங்க. இதுகூடத் தெரியாதாக்கா?"

"தெரியாது கனகா."

"உங்களுக்கே தெரியாதப்ப நான் எதைக் கண்டேன்? கவரே எடுங்க"ன்னா. கையெழுத்துப் போட்டா, தமிழ்ல, கோணல்மாணலா.

ரஹீம் டின்னைக் கொண்டு வந்து அவ முன்னாடி நீட்டினான். மேலே இருக்கிற கவரை அவளே எடுத்தா. டாக்டர் அதுக்குள்ள பெட்டுப் பக்கம் போயிருந்தாரு, பிரஷர் திரும்ப இறங்குதுன்னு நர்ஸ் கூப்பிட்டதால. கனகா கவரைக் கிழிச்சு, கார்பன் தாளை உரிச்சு, சீட்டைப் பார்த்தா. அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ரஹீமுக்கும் வராது. கறுப்பு ஒட்டின விரலோட சீட்டை என்கிட்ட நீட்டினா.

"என்னக்கா போட்டிருக்கு?"

'நோ'ன்னு போட்டிருந்தது.

அந்த ஒரு நிமிஷத்தை நான் எப்படிச் சொல்லுவேன்? என் தம்பி. நான் தூக்கி வளர்த்தவன். உள்ளே ட்ரேயில மருந்து எடுத்து வச்ச சிரிஞ்சு இருக்கு. 'யெஸ்'னு சொன்னா ஓடிப்போய்ப் போட்டுடலாம், சீட்டைக் கசக்கி எறிஞ்சுட்டு. இவனுக்கு முன்னாடி முப்பது பேருக்கு அதைத்தானே செஞ்சேன்? நாக்கு நுனிவரைக்கும் வந்துடுச்சு. ஆனா போட்டா நல்லதான்னு எனக்குத் தெரியலையே, ஆண்டவரே, அதான் என் கையைப் பிடிச்சுது. நல்ல எண்ணத்தால இல்லை.

"நோன்னு போட்டிருக்கு. ஊசி இல்லை"ன்னேன்.

"சரி"ன்னா கனகா.

மூணு நாள். நான் வீட்டுக்குப் போகல. சூப்பரின்டெண்டுக்கு எழுதின கடுதாசியைக் கொண்டுபோய்க் குடுத்தேன், முடிவு தெரியறவரைக்கும் டூட்டி பாருங்கன்னு சொல்லிட்டாங்க. அரைமணிக்கு ஒரு தரம் தியாகு பிரஷரை எழுதுவேன், மூத்திரப் பை நிறையுதான்னு பார்ப்பேன். ரெண்டாம் நாள் காலையில அறுபதுக்கு வந்துடுச்சு. அப்ப நான் ரகுநாதனைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தாரு. ரெண்டு பேரும் அந்த ஊசியைத்தான் நினைச்சோம். பிரஷரைத் தூக்கற டோபமின் சொட்டை அவர் கொஞ்சம் கூட்டினாரு. சர்ஜன் வந்து ரெண்டு கால்விரலை எடுத்துட்டாரு. கனகா கம்பெனிக்கு லீவு சொல்லி அனுப்பிட்டு வாசல்லயே கிடந்தா. நான் வாங்கிக் குடுத்த இட்லியை முதல் தடவையா வேண்டாம்னு சொல்லாம சாப்பிட்டா.

நாலாம் நாள் மத்தியானம் பிரஷர் நூத்திப் பத்து. தியாகு கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, "ஹவ் அக்கா, ஆமா, திட்டு, திட்டு, அதுக்குத்தானே நிக்கிற"ன்னான். எனக்கு அழுகை வந்துடுச்சு. நான் வார்டுல அழுது யாரும் பார்த்ததில்லை. ரஹீம் திரும்பிக்கிட்டான்.

வெளிய வந்து கனகாகிட்ட சொன்னேன். அவ என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா, கல்யாணமாகி ஆறு வருஷத்துல அவ என்னைத் தொட்டது அதுதான் முதல். சிரிக்கவும் சிரிக்கிறா, கண்ணுல தண்ணியும் வருது.

"பாத்தீங்களாக்கா! அந்த ஊசி இல்லாமலே எந்திரிச்சிட்டாரு. அப்ப அது வேண்டாத ஊசிதான்னு தெரிஞ்சுபோச்சுல்ல? இனிமே வர்றவங்களுக்கு நீங்க தைரியமாச் சொல்லிடலாம்ல?"

ஆமான்னு சொல்ல எவ்வளவு ஆசையா இருந்துச்சு தெரியுமா? அந்த ஆசையை எனக்கு நல்லாத் தெரியும். ரெண்டு வருஷம் அதோடதான் குடித்தனம் பண்ணியிருக்கேன்.

"இல்ல கனகா. இவன் ஊசி இல்லாம பிழைச்சான். ஊசி போட்டிருந்தா ரெண்டு நாள் முன்னாடியே எந்திரிச்சிருப்பானோ என்னவோ. செத்திருப்பானோ என்னவோ. ஒருத்தனை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"அப்ப இன்னும் எத்தனை பேரு இப்படிக் கிடக்கணும், உங்களுக்குத் தெரியறதுக்கு?"

"இன்னும் எழுபத்தொன்பது பேரு"ன்னேன்.

அவ கையை எடுக்கல. மூணு நாளா அந்தப் பெஞ்சுல பக்கத்துல உட்கார்ந்திருந்த மத்த பொம்பளைங்களை ஒரு தரம் திரும்பிப் பார்த்தா. அப்புறம் குத்தம் சொல்ற குரல் கொஞ்சமும் இல்லாம, நிஜமாவே தெரிஞ்சுக்கிறதுக்காகக் கேட்டா.

"முன்னாடியே அறுபது பேரு இப்படிக் கிடந்தாங்கன்னீங்களே, அவங்க?"